முட்டிக்கு ஒரு வாசல், பென்ஷனுக்கு ஒரு வாசல்

தம்பி, முதியோர் பராமரிப்பு எப்படி நடக்குதுன்னு காலேஜுக்காக நீ போட்டுக் கொண்டாந்த படம் நல்லாத்தான் இருக்கு, குறை சொல்லக் கூடாது. பெட்டி பெட்டியா போட்டு, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி விட்டிருக்கே. ஒரு அம்பு கூட வளையல. பாண்டிச்சேரியில இப்படி நேராப் போறது வெள்ளைக்காரன் போட்ட தெரு மட்டும்தான். மனுஷன் போற வழி அப்படிப் போவாது. ‘முதியோர்’னு ஒரு பெட்டி போட்டு எங்களை எல்லாம் அதுல அடைச்சு வெச்சிருக்கே பாரு, அதுலேர்ந்து ஒரு அம்பு ஆஸ்பத்திரிக்குப் போகுது. இன்னொண்ணு ‘சமூகப் பராமரிப்பு’க்குப் போகுது. ஆஸ்பத்திரி எனக்குத் தெரியும். அந்தச் சமூகம்ங்கிறவரு யாருன்னு கொஞ்சம் காட்டு. பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்லதான் கிடக்கேன், அவரை நான் பார்த்ததே இல்ல.

கோவிச்சுக்காத. நான் பாகூர்ப் பக்கத்து ஆளு, மில்லுல தறி ஓட்டினவன். இங்கிலீஷு நமக்கு வராது. ஆனா ரொமேன் ரோலண்ட் லைப்ரரியில எந்த மேசைக்கு மேல ஃபேன் நல்லா ஓடும்னு தெரியும். 1827-ல பிரெஞ்சுக்காரன் வெச்சுட்டுப் போன லைப்ரரி அது, கிழவனுங்களுக்கு வெயில் நேரத்துல வேற போக்கிடம் கிடையாது. அங்க உட்கார்ந்து படிச்சதும், திண்ணையில உட்கார்ந்து பார்த்ததும்தான் நான் சொல்றது. தப்பிருந்தா உங்க புரொபசர்கிட்ட சொல்லி மார்க்கைக் குறைச்சுக்கோ.

முதல்ல பாண்டிச்சேரியில கிழவனா இருக்கறது எப்படின்னு கத்துக்கோ. அது முழுநேர உத்தியோகம். உனக்கும் ஒரு நாள் போஸ்டிங் வரும்.

முதல் பாடம், உறுப்புங்களைக் கட்டுப்பாட்டுல வெச்சிருக்கணும். கண்ணுக்கு ஒரு நாள், முட்டிக்கு ஒரு நாள், சர்க்கரைக்கு ஒரு நாள், மூத்திரத்துக்கு ஒரு நாள்னு ஆஸ்பத்திரியில பிரிச்சு வெச்சிருக்காங்க. அதனால காலையில எழுந்ததும் எல்லாத்தையும் கூப்பிட்டுப் பேசிடு. “முட்டியே, நீ இன்னிக்கு நோகாத, இன்னிக்குக் கண்ணோட முறை”ன்னு சொல்லிடு. கேக்கலேன்னா அது உன் வளர்ப்பு சரியில்லை. நம்ம ஊருக்கு டாக்டர் பஞ்சம்னு யாரும் சொல்ல முடியாது. 1823-ல பிரெஞ்சுக்காரன் இங்க மருத்துவப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சான். அதுதான் பின்னால தன்வந்திரி காலேஜாகி, 1964-ல ஜிப்மர்னு பேர் வாங்கி, 2008-ல பார்லிமெண்டுல அதுக்குன்னே தனிச் சட்டம் போடற அளவுக்கு வளர்ந்துச்சு. இருநூறு வருஷமா டாக்டர் உற்பத்தி பண்ற ஊரு இது. கோரிமேட்டு ஜிப்மர்ல உள்ளே நுழைஞ்சிட்டா வைத்தியத்துல குறை இல்ல, பொய் சொல்லக் கூடாது. நுழையறதும், வெளியே வந்த பின்னால நடக்கறதும்தான் கதை.

ரெண்டாவது பாடம், எந்த வாசல்ல எதுக்கு நிக்கணும்னு மனப்பாடம் பண்ணிக்கோ. மாத்திரைக்கு சுகாதாரத் துறை. ஊனமுற்றோர் உதவிக்கு சமூக நலத் துறை. புள்ள சோறு போடலேன்னா வருவாய்த் துறை. அரிசிக்குக் குடிமைப் பொருள் துறை. பென்ஷனுக்கு எது? என் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எண்பது வயசு, மீசை ரெண்டு பக்கமும் முறுக்கி விட்டிருப்பான். அவனுக்கு முதியோர் பென்ஷன் தர்றது மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை. அவன் எந்த வகையில மகளிர்னு எங்களுக்கு விளங்கல. பல்லு இல்லாததால குழந்தைப் பக்கம் சேர்த்துட்டாங்கன்னு முடிவுக்கு வந்திருக்கோம். பணம் குறைச்சல்னு சொல்ல மாட்டேன். டெல்லிக்காரன் தன் பங்குக்கு அறுபது வயசுக்கு 200 ரூபாயும் எண்பது வயசுக்கு 500 ரூபாயும் நீட்டறான். அதுக்கு மேல பல மடங்கு போட்டுத் தர்றது பாண்டி சர்க்கார்தான். வாங்கித் தின்னுட்டு வாய் பேசக் கூடாது. நான் சொல்ல வந்தது, மீசைக்காரன் முட்டியை வெச்சிருக்கிற துறைக்கும் அவன் பென்ஷனை வெச்சிருக்கிற துறைக்கும் பேச்சுவார்த்தை கிடையாதுங்கிறதுதான். பென்ஷன் வாங்க அவன் வராம இருந்தா, செத்துட்டானா, விழுந்து கிடக்கானான்னு மாத்திரை குடுக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

மூணாவது பாடம், வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு நிரூபிக்கணும். நவம்பர் வந்தா இந்திய சர்க்கார் கேக்கும். நம்ம ஊர் சொல்தாக்கள் இருக்காங்களே, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்து ஜூலை 14 அன்னிக்கு மெடல் குத்திக்கிட்டு பீச்சுல நிப்பாங்களே, அவங்களை பிரான்ஸ் சர்க்கார் கேக்கும். பாரீசும் டெல்லியும் சொல்லி வெச்சாப்பல ஒத்துப்போற விஷயம் இது ஒண்ணுதான். 2014-ல ஜீவன் பிரமாண்னு கம்ப்யூட்டர்ல கொண்டு வந்தாங்க, கைரேகை வைக்கணும். எங்க மில்லுக்காரனுங்க விரல்ல ரேகை எங்க இருக்கு? நூலோட போயிடுச்சு. மெஷினு “ஆள் இல்லை”ன்னு சொல்லும், ஆளு எதிர்ல நின்னுக்கிட்டு இருமுவான். இப்ப மூஞ்சியைக் காட்டினா போதும்னு மாத்தியிருக்காங்க, அது வரைக்கும் நல்லது. ஆனா பாரு, உயிரோட இருக்கியான்னு கேக்கறதுக்கு ரெண்டு சர்க்கார் இருக்கு. எப்படி இருக்கேன்னு கேக்கறதுக்கு ஒரு பியூன் கூட இல்ல.

இல்ல, இருக்கு, இருக்கு. உன் டேப்லெட்டைத் தட்டிக் காட்டாத, எனக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல ஒரு கையேடு போட்டிருக்கு, முதியோருக்கான ஒருங்கிணைந்த பராமரிப்புன்னு. நோவை விட்டுட்டு ஆளோட தெம்பைப் பாருங்கிறாங்க. நடை, ஞாபகம், சாப்பாட்டுத் தெம்பு, கண்ணு, காது, மனசு, இந்த ஆறும் எப்படி இருக்குன்னு பார்க்கணும். நம்ம பழைய எஜமானன் ஊர்ல, துலூஸ்ல, அதை எடுத்துச் செய்யறாங்க. புத்தியுள்ள வேலை, சந்தேகமே இல்ல. நீ எனக்கு அந்தப் பரீட்சை வெச்சியே, அதைப் பத்தி மட்டும் ரெண்டு வார்த்தை.

கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியிலேர்ந்து அஞ்சு தடவை எழுந்து உட்காரணும், 14 நொடிக்குள்ள. தம்பி, புதுச்சேரியில நாற்காலியில உட்கார்ந்தவன் எவன் தானா எழுந்திருக்கான்? இந்தப் பரீட்சையை சட்டசபையில வெச்சுப் பாரு, ஒருத்தர் தேற மாட்டாரு. அடுத்து மூணு வார்த்தை சொன்னே: பூ, கதவு, அரிசி. கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லச் சொன்னே. பூவையும் கதவையும் மறந்தாலும் அரிசியை எப்படி மறப்பேன்? வருஷக்கணக்கா ரேஷன் கடையைப் பூட்டி வெச்சு, அரிசிக்குப் பதிலா பேங்குல பணம் போட்டுட்டு, 2024 தீபாவளி சமயத்துலதானே திரும்பத் திறந்தாங்க? அரிசின்னு கேட்டா பாண்டிச்சேரியில பொணம் கூட எழுந்து உட்காரும். உன் பரீட்சை கெட்டுது போ. அப்புறம் பின்னால நின்னு கிசுகிசுன்னு பேசினே, காது கேக்குதான்னு. அது நாளைக்கு நாள் மாறும். சமையக்கட்டுல மெதுவா மனைப் பத்திரம்னு ஒரு பேச்சு விழுந்தா எனக்குத் திண்ணையில கேக்கும். மாத்திரை போட்டாச்சான்னு பக்கத்துல வந்து கத்தினாலும் கேக்காது. இதுக்கு உன் படிவத்துல கட்டம் இருக்கா?

ஆனா மூணு மாசத்துல மூணு கிலோ இளைச்சீங்களான்னு ஒரு கேள்வி கேட்டே பாரு, அதுதான் கேள்வி. அதைக் கேக்கத்தான் ஆள் இல்ல. பரீட்சையில ஃபெயிலானவனை அடுத்த நாள் யாரு வந்து பார்க்கறதுங்கிறதுக்கும் உன் படத்துல ஒரு அம்பு இல்ல.

எங்க தெரு ஆயா கதையைச் சொல்றேன், இதை உன் பெட்டியில போட முடியுமான்னு பாரு.

ஆயாவுக்கு ரத்தக் கொதிப்பு. ஒரு டாக்டரு மாத்திரை எழுதினாரு, சரியான மாத்திரைதான். கொஞ்ச நாள்ல கணுக்கால் வீங்குச்சு. இன்னொரு டாக்டர்கிட்ட காலைக் காட்டினாங்க. அவரு காலைப் பார்த்தாரு, மாத்திரைப் பையைப் பார்க்கல. வீக்கம் வடியட்டும்னு நீர் பிரியற மாத்திரை எழுதினாரு. நீர் பிரிஞ்சுது. ராத்திரி ரெண்டு மணிக்கும் பிரிஞ்சுது, நாலு மணிக்கும் பிரிஞ்சுது. கக்கூஸு தோட்டத்துக் கோடியில, நடையில லைட்டு இல்ல, நடுவுல ஒரு சாண் வாசப்படி. ஆயா விழுந்துச்சு. இடுப்பு எலும்பு முறிஞ்சுது.

ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த பின்னால ஒரு நாள் நான் அந்த மஞ்சப் பையை வாங்கித் திண்ணையில கவுத்தேன். அட்டை அட்டையா விழுந்துச்சு. பாதி தின்னது, கால்வாசி தின்னது, தொடவே தொடாதது. மருந்துக் கடைக்காரன் பேனாவால 1-0-1-ன்னு எழுதினது வேர்வையில அழிஞ்சு 1-0-தான் மிச்சம். அதுல ரெண்டு அட்டை, ஒண்ணு வெள்ளி, ஒண்ணு செவப்பு. கம்பெனி வேற, பேரு வேற. பேத்தியைக் கூப்பிட்டேன், பன்னண்டாவது படிக்குது. அது போன் கேமராவுல பெருசாக்கி, அட்டைப் பின்னால எறும்பு சைஸுல இருக்கிற எழுத்தைப் படிச்சுது. ரெண்டும் அம்லோடிபின். ஆயா ஒரே மாத்திரையை ரெண்டு பேர்ல தின்னுக்கிட்டு இருந்திருக்கு. அந்த மாத்திரைக்குக் கால் வீங்க வைக்கிற குணம் உண்டு, டோஸ் கூடினா இன்னும் வீங்கும். வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, அந்த மாத்திரைக்கு ஒரு கக்கூஸ் நடை, அந்த நடைக்கு ஒரு ஆபரேஷன்.

இதுல யாரு தப்பு பண்ணாங்க சொல்லு? கொதிப்பு டாக்டர் கொதிப்பைக் குறைச்சாரு. கால் டாக்டர் வீக்கத்தை வடிச்சாரு. எலும்பு டாக்டர் எலும்பைச் சேர்த்தாரு. எல்லாரும் அவங்கவங்க பங்கைச் சுத்தமா செஞ்சாங்க. ஆயாவை மட்டும் யாரும் பார்க்கல.

ஆபரேஷன் செலவுக்குத் திட்டம் இருக்கு. 2024 அக்டோபர்லேர்ந்து எழுபது வயசு தாண்டின எல்லாருக்கும், பணக்காரனோ ஏழையோ, ஆயுஷ்மான் பாரத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். பெரிய மனசு, கும்பிடறேன். ஆனா அது ஆஸ்பத்திரியில படுத்தாத்தான். கக்கூஸுக்குப் போற வழியில ஒரு கைப்பிடியும் ஒரு பல்பும் போட்டிருந்தா ஆயா விழுந்திருக்காது. அந்தக் கைப்பிடிக்குக் காசு தர எந்தத் துறைக்கும் அதிகாரம் இல்ல. சுகாதாரத் துறையைக் கேட்டா அது கொத்தனார் வேலைம்பாங்க. பொதுப்பணித் துறையைக் கேட்டா அது தனியார் வீடும்பாங்க. அதனால நான் எங்க மில்லுத் தொழிற்சங்கத்துக் கிழவனுங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்: டேய், நிக்கிறதுக்கு உதவின்னு எங்கயும் போய்க் கேக்காதீங்க, அவமானப்படுவீங்க. முதல்ல விழுந்துடுங்க, அப்புறம் கேளுங்க, ராஜ மரியாதை கிடைக்கும்.

சரி, உன் வித்தைக்கு வர்றேன். இந்தப் பெட்டி, அம்பு, உள்ளே வர்றது, வெளியே போறதுன்னு கணக்குப் போடறதை ஆரம்பிச்சது அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ஜே ஃபாரஸ்டர்னு ஒரு ஆளு, 1950-கள்ல. ஃபாக்டரியில சரக்கு ஏன் ஒரு சமயம் குவியுது, ஒரு சமயம் காயுதுன்னு பார்க்கறதுக்காகப் பண்ணினது. அதை இங்கிலாந்துல எரிக் வுல்ஸ்டன்ஹோம்னு ஒருத்தரு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனாரு. அங்க அவங்க பிரச்சினை என்னன்னா, இடுப்பு ஒடிஞ்ச கிழவிக்கு வைத்தியம் முடிஞ்சிடும், ஆனா வீட்டுல பார்த்துக்க ஆள் இல்லாததால கட்டில்லயே கிடப்பா. கட்டில் காலியாகாது. கட்டில் காலியாகலேன்னா வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்கும். மந்திரிங்க கட்டில் வாங்குங்கம்பாங்க. இவரு கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, கட்டில் வாங்கறதை விட வீட்டுக்கு அனுப்பற பக்கத்துல ஆளும் இடமும் போட்டாத்தான் வரிசை கரையும்னு காட்டினாரு. நல்ல கணக்கு. ஆஸ்பத்திரி நெரிசலுக்கு மருந்து ஆஸ்பத்திரிக்கு வெளியில இருக்குன்னு ஒரு பெட்டிப் படம் சொல்லிச்சுன்னா, அந்தப் படத்துக்கு நான் மாலை போடுவேன்.

டார்பேன்னு அங்க ஒரு கடற்கரை ஊரு, நம்மூரு போலவே ரிட்டயர் ஆனவங்க வந்து காத்து வாங்குற ஊரு. அவங்க 2005-ல ஆஸ்பத்திரிக்கு வெளியில இருக்கிற வைத்தியத்தையும் சமூக நலத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்தாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னால என்ன பண்ணாங்க தெரியுமா? மிஸஸ் ஸ்மித்துன்னு ஒரு கிழவியைக் கற்பனையில பெத்தெடுத்தாங்க. எண்பது தாண்டின பொம்பளை, ஒண்டி ஆளு. இந்தக் கிழவிக்கு ஒரு உதவி வேணும்னா எத்தனை பேருக்குப் போன் போடணும், எத்தனை தடவை ஒரே கதையைச் சொல்லணும்னு எண்ணிப் பார்த்தாங்க. வெக்கமா இருந்திருக்கு. ஒரே நம்பர், ஒரே ஆளுன்னு மாத்தினாங்க. அந்த ஆளு டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. எல்லாரையும் ஒருத்தரோட ஒருத்தர் பேச வைக்கிற ஆளு, அவ்வளவுதான். காசையும் ஒரே பையில போட்டாங்க. 1998-99-ல தினம் சராசரியா 750 கட்டில் நெறைஞ்சு கிடந்த இடத்துல, 2009-10-ல 502 ஆச்சுன்னு எழுதியிருக்காங்க. எல்லாம் அந்த ஒரு கிழவி புண்ணியமான்னு எனக்குத் தெரியாது. ஆனா கட்டம் போடறதுக்கு முன்னால ஒரு கிழவியை நிக்க வெச்சுப் பார்த்தாங்க பாரு, அந்தப் புத்தி எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆனா தம்பி, நீ அந்த இங்கிலாந்துப் படத்தை அப்படியே இறக்கி, மேல புதுச்சேரின்னு பேர் எழுதியிருக்கே. அங்கதான் நான் உன் காதைத் திருகணும். இங்க கட்டில் எங்கய்யா அடைபட்டுது? நம்ம ஆஸ்பத்திரியில தையல் பிரிச்ச மறுநாளே “தாத்தாவைக் கூட்டிட்டுப் போங்க”ன்னு சீட்டு எழுதிடுவாங்க. அடுத்தவன் கீழ பாய்ல படுத்துக் காத்துக்கிட்டு இருக்கான், அவங்களைச் சொல்லி என்ன? உன் படத்துல அந்த அம்பு வீட்டுக்குப் போகுது, அதோட முடிஞ்சுது. ‘வீடு’ன்னு எழுதி ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள ஒண்ணும் இல்ல. அங்க இங்கிலீஷ்காரன் ஊர்ல கட்டில் அடைபடுது. இங்க மருமக அடைபடறா. கட்டில் அடைபட்டா அங்க பார்லிமெண்டுல கேள்வி வரும். இவ அடைபட்டா எவன் கேக்கறான்?

ஆயா வீட்டு மருமக சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில பேக்கிங் வேலை பார்த்துக்கிட்டு இருந்தா. ஆயா விழுந்த வாரமே நின்னுட்டா. சம்பளம் போச்சு. உன் கம்ப்யூட்டர்ல அது செலவுப் பக்கம் வருதா, வரவுப் பக்கம் வருதா? ரெண்டுலயும் வராது. அதனாலதான் உன் படத்துல வீட்டுப் பராமரிப்புக்குச் செலவு சைபர்னு காட்டுது. நீ அதைச் சிக்கனம்னு வேற எழுதியிருக்கே.

இது எந்த ஊருன்னு நினைச்சே? 1936 ஜூலை 30-ந் தேதி, மில்லு வாசல்ல பிரெஞ்சுக்காரன் சுட்டு 12 தொழிலாளி செத்த ஊரு. அதுக்கு அடுத்த வருஷமே 8 மணி நேர வேலைக்குச் சட்டம் வாங்கின ஊரு. எங்க சங்கத்துல புதுசா சேர்ற பையனுக்கு முதல்ல அந்தத் தேதியைத்தான் சொல்லித் தருவாங்க. அப்பேர்ப்பட்ட ஊர்ல, ஆயா வீட்டு மருமக காலையில பெட்ஷீட்டு மாத்தறதுல ஆரம்பிச்சு ராத்திரி மூத்திரப் பேசினோட முடிக்கிறா, ஞாயித்துக்கிழமை கிடையாது, ஓவர்டைம் கிடையாது. எந்தத் தோழரும் அவளுக்குக் கொடி புடிக்கல. நானும் புடிக்கல, அவ குடுக்கிற டீயைக் குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்.

உன் பாட்டி இருக்காங்களா? நல்லது. யாரு குளிப்பாட்டறாங்க? அம்மாவா? இந்தப் படத்துல உங்கம்மா எந்தப் பெட்டியில இருக்காங்கன்னு விரலை வெச்சுக் காட்டு.

பரவால்ல, தண்ணி குடி.

பாகூர் ஏரியில தண்ணி எப்படி வரும்னு உனக்குத் தெரியாது, டவுன்ல வளர்ந்த புள்ள. சொர்ணாவூர்கிட்ட தென்பெண்ணையில அணை கட்டி, பங்காரு வாய்க்கால் வழியா ஏரிக்குத் தண்ணி கொண்டாந்தாங்க. ஏரி ரொம்பினா கரை மேல நின்னு பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். ஆனா ஏரி ரொம்பறது வேற, கடைமடை நனையறது வேற. மதகைத் திறந்துட்டா தண்ணி தானா கடைமடைக்குப் போயிடும்னு இஞ்சினீயர் படத்துல இருக்கும். போவாது. நடுவுல எலி வளை இருக்கும், மேமடைக்காரன் ராத்திரியில மடையைத் திருப்பி வெச்சிருப்பான். பிரெஞ்சுக்காரன் காலத்துல ஊருக்கு ஊரு ‘கேஸ் கொம்யூன்’னு ஒரு பொதுப் பணம் இருந்துச்சு. அதுலேர்ந்து தண்ணி கட்டறதுக்குன்னே ஆள் வெச்சிருந்தாங்க. அவன் தோள்ல மம்முட்டியோட மதகுலேர்ந்து கடைமடை வரைக்கும் நடப்பான். யார் வயல் காயுதுன்னு அவன் காலுக்குத் தெரியும். ஜிப்மர் இருக்கு, கதிர்காமத்துல மெடிக்கல் காலேஜ் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, பென்ஷன் இருக்கு, சட்டம் இருக்கு. ஏரி ரொம்பித்தான் இருக்கு தம்பி. நடக்கறதுக்கு ஆளு இல்ல.

காகிதத்துல எல்லாம் உண்டு. 2010-11-ல முதியோர் நல மருத்துவத்துக்குத் தேசியத் திட்டம் போட்டாங்க. மாவட்ட ஆஸ்பத்திரியில 10 கட்டில் முதியோர் வார்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துல வாரம் ஒரு நாள் முதியோர் கிளினிக்கு, படுத்த படுக்கையா இருக்கறவங்களை வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும்னு எழுத்துலயே இருக்கு. வயசானவங்களுக்குத் தொல்லைன்னா 14567-க்குப் போன் போடுங்கன்னு நம்பரும் இருக்கு. புள்ள கவனிக்கலேன்னா 2007-ம் வருஷத்துச் சட்டம், மாசம் 10,000 ரூபா வரைக்கும் வாங்கித் தரும், வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். அதுல ஒண்ணு மட்டும் எங்க ஆளுங்களுக்கு அழுத்திச் சொல்வேன். வீட்டைப் புள்ள பேருக்கு எழுதறதா இருந்தா, என்னைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கணும்ங்கிற வரியைப் பத்திரத்துலயே எழுதிடு. அந்த வரி இருந்து அவன் பார்க்கலேன்னா, பத்திரத்தை ரத்து பண்ண 23-வது பிரிவு கை குடுக்கும். பாசத்துல எழுதாம விட்டா, அப்புறம் கோர்ட்டு வாசல்ல பாசத்தை அளந்து காட்டிக்கிட்டு நிக்கணும்.

நடக்கறதுக்கு ஆள் போட்டவங்க வெளிநாட்டுலதான் இருக்காங்கன்னு நினைக்காத. முத்தியால்பேட்டையைத் தாண்டி சோலை நகர் முடிஞ்சதும் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம். அந்தப் பக்கம் 2021 ஆகஸ்டுலேர்ந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’. கொதிப்பு, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கறாங்க, முடங்கிக் கிடக்கறவனுக்குக் கை கால் பயிற்சி குடுக்க ஆள் வருது. அங்கயும் குறை இருக்கும், எந்தத் திட்டத்துல இல்ல? ஆனா யோசனை எல்லை தாண்டி வர பாஸ்போர்ட் தேவையில்லை. மதுக்கடை விலையில மட்டும் ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கறாங்களே, இதையும் பார்க்கக் கூடாதா?

அதையும் விடு. நம்ம மாஹே இருக்கே, நம்ம யூனியன் பிரதேசத்துத் துண்டுதான், சுத்தியும் கேரளா. அங்க வேலிக்கு அந்தாண்ட, கோழிக்கோடு மெடிக்கல் காலேஜுல 1993-ல டாக்டர் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலி தீர்க்கிற கிளினிக்குன்னு சின்னதா ஆரம்பிச்சாங்க. தீராத நோவுக்காரன் ஆஸ்பத்திரியில இருக்கிறது கொஞ்ச நேரம், மிச்ச நேரமெல்லாம் வீட்டுலதானே, அங்க யாரு பார்க்கறதுன்னு கேட்டு, தெருவுல இருக்கிற வாத்தியார், கடைக்காரன், பெண்டுங்க எல்லாருக்கும் பயிற்சி குடுத்தாங்க. 2008-ல கேரள சர்க்கார் அதைக் கொள்கையாவே ஆக்கிடுச்சு. பஞ்சாயத்துக் காசுல நர்சு வீட்டுக்கு வருது. மாஹேக்காரன் எட்டிப் பார்த்தா தெரியற தூரம். நாம ராஜதானியில உட்கார்ந்துக்கிட்டு இங்கிலாந்தை எட்டிப் பார்க்கறோம்.

உனக்கு யோசனை சொல்லணும்னு வந்தே, சொல்லிடறேன். புதுசா கட்டடம் கேக்காத. கட்டடம் கேட்டா திறப்பு விழா நடக்கும், கல்வெட்டு வரும், அதோட சரி. ‘ஆப்’ செய்யறேன்னும் வராத. எங்க போன்ல பேத்தி ரீல்ஸ் பார்க்கவே இடம் பத்தல. அங்கன்வாடி அம்மாவுக்கு எல்லா வீடும் தெரியுமே, அவங்க தலையில கட்டிடலாம்னு ஒருத்தன் சொல்லுவான், பென்ஷனும் அதே துறைதானேன்னு நியாயம் வேற பேசுவான். வேணாம். புள்ளைங்களுக்கு முட்டை அவிக்கறதுலேர்ந்து வோட்டர் லிஸ்ட் வரைக்கும் ஏற்கெனவே அந்தத் தலையில இருக்கு.

குருசுக்குப்பத்துல ஜிப்மருக்கே நகர்ப்புற சுகாதார மையம் இருக்கு. அங்கேர்ந்து நாலு தெருவை எடுத்துக்கோ, போதும். நூறு கிழங்கட்டைக்கு ஒரு ஆளுன்னு போடு. அந்தத் தெரு ஆளா இருக்கட்டும், நடக்கத் தெரிஞ்சிருக்கணும், கூச்சமில்லாம டாக்டர்கிட்டயும் தாசில்தார்கிட்டயும் பேசத் தெரிஞ்சிருக்கணும். கையில ஒரு நோட்டு. மஞ்சப் பையில என்னென்ன மாத்திரை, கக்கூஸு எங்க இருக்கு, நடையில லைட்டு எரியுதா, மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுல யாரு இருக்கா, போன மாசத்துக்கு இந்த மாசம் இளைச்சிருக்காரா, இதெல்லாம் அதுல இருக்கணும். ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு கிழவியை அனுப்பறதுக்கு முன்னால அந்த ஆளுக்குப் போன் வரணும். கைப்பிடிக்கும் பல்புக்கும் ஃபைல் போடாம செலவு பண்ண ரெண்டாயிரம் மூவாயிரம் ரூபா அந்த ஆள் கையில இருக்கணும். வீட்டுல பார்த்துக்கறவளுக்கு வாரத்துல ஒரு நாள் மாத்து ஆள் அனுப்பணும், அவ போய் ஒரு சினிமா பார்க்கட்டும், இல்ல தூங்கட்டும். அந்த நடக்கிற ஆளுக்கு மாசச் சம்பளம், 8 மணி நேரம், வார லீவு. தன்னார்வம், சேவை, ஊக்கத்தொகைன்னு எழுதினே, படத்தைக் கிழிச்சுடுவேன், சங்கத்து ஆளு நானு.

இதை ஒரு வருஷம் நடத்திட்டு, அப்புறம் உன் பெட்டியில நம்பரைப் போடு. எத்தனை பேர் விழுந்தாங்க, எத்தனை பேர் வேலையை விட்டாங்க, எத்தனை அட்டை மாத்திரை வீணாப் போச்சுன்னு அப்பத் தெரியும். கணக்கு நல்லா வந்தா சுகாதாரத் துறைக்கு ஒண்ணு, மகளிர் துறைக்கு ஒண்ணுன்னு ரெண்டு காப்பி எடுத்து, நீயே கையில கொண்டு போய்க் குடு. தபால்ல போடாத.

இப்பக் கிளம்பு, நேரமாச்சு. அடுத்த தடவை வர்றப்ப புரொபசரைக் கூட்டிக்கிட்டு வராத, உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வா. அந்த ‘வீடு’ங்கிற வட்டத்துக்குள்ள எத்தனை மணி நேரம் போடணும்னு அவங்க சொல்லுவாங்க, நீ எழுதிக்கோ.